தணிகையில் 60, நகரியில் 62

திருத்தணி என்றதும் நம் வாசகர்களுள் ஒரு சாராருக்கு மலைமேல் நிற்கும் முருகனும், அவனிடம் இட்டுச்செல்லும் 365 படிகளும் நினைவுக்கு வரும். மற்றொரு சாராருக்கு வீரட்டானேசுவரம் நினைவுக்கு வரக்கூடும். அபராஜித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பார் எடுப்பித்த கற்றளி அது. மன்னனே பாடியதாகக் கல்வெட்டுக் குறிக்கும் வெண்பா ஒன்று அங்கு இருப்பதால், கல்வெட்டு ஆர்வலர்கள் அக்கோயிலை எளிதில் மறப்பதில்லை. இக்கட்டுரை மலையைப் பற்றியதுமன்று, தளியைப் பற்றியதுமன்று. அவ்வூரின் எல்லையைப் பற்றியது. அந்த எல்லைக் கோடு மனிதரின் முதுமையையும் எவ்வாறு இருகூறாக்கியது என்பதைப் பற்றியது.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இரயிலில் ஏறினால் திருத்தணியை அடுத்துப் பொன்பாடி வரும். அதற்கடுத்து ஆந்திரம் தொடங்கிவிடும். சிறிது நேரத்தில் நகரி. இரண்டு ஊர்களிலும் தறியோசை கேட்கும். இரண்டிலும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். கொள்வினை கொடுப்பினை இன்றும் நிகழ்கிறது. அக்காளைத் திருத்தணியிலும் தங்கையை நகரியிலும் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் இப்பகுதியில் ஒன்றிரண்டல்ல. அந்த அக்காளும் தங்கையும் இரு மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியைகளாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அக்காள் 60 வயதில் ஓய்வு பெறுவார். தங்கை 62இல் ஓய்வு பெறுவார். இருவரும் ஆசிரியைகளாக இல்லாமல், ஆதரவற்ற முதியவர்களாக இருந்தால்? 2024 ஜூலையில் தங்கைக்கு மாதம் 4,000 ரூபாய். அக்காளுக்கு 1,200 ரூபாய். ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இத்தகைய வேறுபாட்டை வகுத்தது எது? வயதா, உழைப்பா, வறுமையா? மூன்றுமல்ல. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஒரு நில அளவைக் கோடு.

அக்கோட்டின் வரலாறு நம்மில் பலரும் அறிந்ததுதான். ஆகவே சுருக்கமாகவே சொல்வோம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதனுள் அடங்கிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் அப்பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகத்தாரும், வடவெல்லைத் தமிழர்க்குத் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து, படாஸ்கர் வகுத்துத் தந்த ஏற்பாட்டின்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஈடாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. மலையை மீட்ட கதையாக இது நம்மிடையே சொல்லப்படுகிறது. மலையோடு சேர்ந்து மனிதர்களும், அவர்களுடைய பணிப்பதிவேடுகளும், பிற்காலத்தில் அவர்கள் பெறவிருந்த ஓய்வூதியமும் இடம்மாறின என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஓய்வுக்கு ஒரு வயது என்னும் கருத்தே நம் மண்ணுக்குப் புதிது. தஞ்சை இராஜராஜேசுவரத்தில் முதலாம் இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை நினைவுகூர்வோம். பல தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே வெட்டப்பட்டுள்ளன. தலைக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் தரப்பட்டன. பங்கொன்றுக்கு வேலி நிலத்தின் விளைவாக, ஆடவல்லான் என்னும் மரக்காலால் 100 கலம் நெல் அளக்கப்பட்டது. நட்டுவம் செய்த ஆடவர்க்கு இரண்டு பங்கு. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவர்க்கு அடுத்த முறையுடையார் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெற வேண்டும். முறையுடையார் தகுதியற்றவராயின் தகுதியுள்ளவரைக் கொண்டு செய்வித்துக்கொள்ள வேண்டும். ஆடி ஆடி முட்டி தேய்ந்த பெண் எந்த வயதில் சதங்கையைக் கழற்றலாம் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அவள் முதுமையைத் தாங்கியது பணியின் பரம்பரை உரிமை. மகளோ மருமகளோ ஆடும்போது அவள் பங்கும் வீட்டில் நின்றது. இதை ஒரு பொற்கால ஏற்பாடாக நாம் கொண்டாடவில்லை. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் முதுமைக்கான பொறுப்பு, வயது என்ற எண்ணில் அன்று கட்டப்பட்டிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளின் 56ஆம் விதி, அரசுப் பணியாளர் 55 வயதில் ஓய்வு பெறவேண்டும் என்றது. எழுத்தர் வகையினரை மட்டும், திறமை குறையாதவரையில் 60 வரை வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. மேசைக்குப் பின்னால் அமர்ந்து எழுதுபவனுக்குத் தேய்மானம் குறைவு என்று கருதினார்களோ என்னவோ. எப்படியாயினும், வேலையின் தன்மைக்கேற்ப ஓய்வு வயது மாறலாம் என்ற அறிவு 1922இலேயே விதிக்குள் இருந்தது. விடுதலைக்குப் பிறகு நாம் அதைப் படிப்படியாக மறந்தோம். 1962 டிசம்பரில் மத்திய அரசு 55ஐ 58 ஆக்கியது. 1998இல் 60 ஆக்கியது. கேரளம் நெடுங்காலம் 55ஐ விடவில்லை. 2012இல்தான் 56 ஆயிற்று. ஒரே நாட்டில், ஒரே வகை வேலைக்கு, ஒருவர் எப்போது முதியவராகிறார் என்பதை மாநிலத் தலைநகரங்கள் தனித்தனியே முடிவுசெய்தன.

இங்கே, திருத்தணியின் வடக்கு எல்லைக்கப்பால் 1983இல் நடந்ததைச் சற்றே விரிவாகப் பார்ப்போம். ஓய்வு வயதை உயர்த்துவது நியாயமா என்ற கேள்விக்கு, குறைத்துப் பார்த்தவர்களின் கதையைவிட நல்ல பாடம் வேறில்லை.

ஆந்திரத்தில் ஓய்வு வயது 1979இல்தான் 55லிருந்து 58 ஆகியிருந்தது. 1983 ஜனவரியில் என்.டி. ராமாராவ் முதலமைச்சரானார். ஒரே மாதத்தில், பிப்ரவரி 8ஆம் நாள், வயதை மீண்டும் 55 ஆக்கி ஆணை பிறந்தது. 55ஐக் கடந்துவிட்ட அனைவரும் பிப்ரவரி 28 அன்று வீட்டுக்குச் செல்லவேண்டும். இளைஞர்க்கு வேலை வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். 18,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் 10,000 பொதுத்துறை ஊழியர்களும் அந்த ஒரு மாலையில் வெளியேறினர். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்கடன் தவணையில் பாதி கட்டியிருந்தவர், மூன்றாண்டுச் சம்பளம் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மகனைக் கல்லூரியில் சேர்த்தவர் என எத்தனை கணக்குகள் அன்று தலைகீழாயிருக்கும்! திருத்தணி மட்டும் 1960இல் இப்பக்கம் வராதிருந்தால், அவ்வூர் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தும் சிலர் அன்று மாலை படியிறங்கியிருப்பார்கள்.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கே. நாகராஜ் எதிர் ஆந்திர அரசு என்ற அவ்வழக்கில் 1985 ஜனவரியில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 55 என்பது தன்னளவில் நியாயமற்ற வயதன்று. வயதை வகுப்பது அரசின் கொள்கை முடிவு என்பதே தீர்ப்பின் சாரம். (உச்சநீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 65 என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.) தீர்ப்பு வருவதற்குள் கதை வேறு திருப்பம் கண்டிருந்தது. 1984 ஆகஸ்டில் ராமாராவின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு நாதெண்டல பாஸ்கர ராவ் ஒரு மாதம் முதல்வராக இருந்தார். அந்த ஒரு மாதத்துக்குள் வயது மீண்டும் 58 ஆயிற்று. ராமாராவ் திரும்பி வந்த பிறகும் 58 நிலைத்தது. ஆனால் இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் அனுப்பப்பட்டவர்கள்? அவர்களுக்கு ஒன்றுமில்லை என்றது புதிய ஏற்பாடு. மீண்டும் வழக்கு. பி. பிரபாகர ராவ் வழக்கில், அதே 1985இல், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை விலக்கி வைத்ததை ஏற்கவில்லை. தவறென்று உணர்ந்து ஓர் ஆணையைத் திருத்தும்போது, அத்தவற்றால் அடிபட்டவர்களை வெளியில் நிறுத்துவது எப்படி நியாயமாகும் என்பதே அதன் அடிநாதம்.

இதற்கு முன்னோடியாக 1982 டிசம்பர் 17ஆம் நாள் வந்த நகாரா வழக்குத் தீர்ப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். ஓய்வூதியம் அரசன் மனமிரங்கிப் போடும் பிச்சையன்று, செய்த உழைப்புக்கு உரிய உரிமை என்பதையும், ஒரு தேதியைக் கோடாகக் கிழித்து அதற்கு முன்னவர் பின்னவர் என ஓய்வூதியரைப் பிரிக்கலாகாது என்பதையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஓய்வூதியர்கள் அந்நாளை இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். நகாராவையும் பிரபாகர ராவையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. வயது இவ்வளவு என்று வகுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. எவர் தலையில் அந்தக் கோடு விழுகிறது, அவருக்கு எவ்வளவு முன்னறிவிப்பு இருந்தது என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

இது வரையில் நாம் சொன்ன கதையில் பெண்கள் தனியே தென்படவில்லை. அரசுப் பணி விதிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வு வயது ஒன்றே என்பதால் அவ்வாறு தோன்றுகிறது. எல்லா இடத்திலும் இப்படி இருக்கவில்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில், அல்லது பணியில் சேர்ந்த நான்காண்டுக்குள் திருமணம் செய்தால் அப்போது, அல்லது முதல் கருவுற்றதும், இவற்றுள் எது முந்தியதோ அப்போது ஓய்வு பெறவேண்டும் என்று விதி இருந்தது. அதே விமானத்தில் பணிபுரிந்த ஆடவர்க்கு 58. 1981இல் நர்கீஸ் மிர்சா வழக்கில் உச்சநீதிமன்றம் கருவுற்றதும் நீக்கும் விதியைக் கடுமையாகச் சாடி நீக்கியது. ஆனால் ஆணும் பெண்ணும் வெவ்வேறு பணிப்பிரிவினர் என்று கூறி, வயது வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஒரே வேலையை இரண்டு பெயரிட்டு அழைத்தால் வேறுபாடு நியாயமாகிவிடும் என்ற இந்தத் தர்க்கம் நமக்கு இன்றளவும் உவப்பாக இல்லை.

கடல் கடந்தால், இலங்கையில் 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என வகுத்தது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கு இது ஒரு சலுகையாகவும், சுமையாகவும் ஒருங்கே அமைந்தது. முதுகில் கூடையுடன் மழையில் நின்ற உடலுக்கு 50இல் நிதி கைக்கு வருவது ஆறுதல். ஐந்தாண்டுச் சேமிப்பு குறைவது இழப்பு. 2021இல் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 எனப் புதுச் சட்டம் வந்தது. அரசு ஊழியர்க்கோ 2022 தொடக்கத்தில் 65 என்றார்கள். பொருளாதாரம் சரிந்ததும் அவ்வாண்டு முடிவதற்குள் 60 என்றார்கள். ஓராண்டுக்குள் ஐந்து வயது கூடி ஐந்து வயது குறைந்த அதிசயம் அது.

பெண்ணுக்குக் குறைந்த வயது என்பது எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் கதை இதற்கு உதவும். அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 வயதில், ஆண் பெண் இருவர்க்கும் வாரம் ஐந்து ஷில்லிங். 1925இல் பங்களிப்பு ஓய்வூதியம் 65 வயதுக்கு வந்தது. 1935இல் பிராட்ஃபோர்டு நகரில் ஃபுளோரன்ஸ் வைட் என்ற அம்மையார், திருமணமாகாத பெண்களுக்கு 55இல் ஓய்வூதியம் வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். ஆலைகளில் தேய்ந்து, வயதான பெற்றோரையும் பேணிக் களைத்த பெண்கள் ஐம்பதைக் கடந்ததும் வேலை கிடைக்காமல் தவித்த காலம் அது. அவ்வியக்கத்தின் அழுத்தமும், மனைவியர் பொதுவாகக் கணவரைவிட இளையவர் என்ற கணக்கும் சேர்ந்து 1940இல் பெண்ணுக்கு 60 என்றாயிற்று. 1995இல் சமத்துவத்தின் பேரால் அதைப் படிப்படியாக 65 ஆக்கச் சட்டம் செய்தனர். 2011இல் இன்னும் விரைவாக்கினர். 2020இல் இருபாலர்க்கும் 66. 1950களில் பிறந்த பெண்கள் பலர், தங்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை என்று கிளர்ந்தனர். 2024 மார்ச்சில் குறைதீர் அமைப்பு, அறிவித்த முறையில் தவறு நேர்ந்தது, இழப்பீடு தரவேண்டும் என்றது. டிசம்பரில் அரசு மறுத்தது. வயதைச் சமமாக்கியதை அப்பெண்களில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 60இல் வரும் என்று நம்பி வேலையை விட்டவருக்கு 66 என்று தாமதமாகச் சொன்னதுதான் அவர்கள் முறையீடு. விசாகப்பட்டினத்திலும் கர்நூலிலும் 1983 பிப்ரவரியில் எழுந்த அதே முறையீடு, திசை மட்டும் வேறு.

இனித் தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1962ஆம் ஆண்டு நம் கதையில் ஒரு முடிச்சு. அவ்வாண்டு மே மாதம் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். அப்போது அவர்க்கு 73 வயது. 78 வயது வரை அப்பதவியில் இருந்தார். அதே 1962இல் காமராசர் ஆட்சியில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. மாதம் 20 ரூபாய். இரண்டாண்டுக்கு முன்னர்தான் இம்மாநிலத்துக்கு வந்த திருத்தணியின் கிழவியர்க்கும் அது உரித்தாயிற்று.

இத்திட்டத்தின் வளர்ச்சியை அதன் பெயர்களைக் கொண்டே படிக்கலாம். 1975இல் ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை. 1981இல் வேளாண் கூலித் தொழிலாளர்க்கு. 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு. 2008இல் 50 வயது கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு. முதியோர் உதவித்தொகை இருபாலர்க்கும் பொது. அதில் ஆண் தன் வயதைச் சொல்லி நுழைகிறான். பெண்ணுக்கென்று வகுத்த வாயில்களோ மூன்றும் கணவனைக் கேட்கின்றன: இறந்தானா, விட்டுப்போனானா, வரவேயில்லையா? ஆனால் இந்தப் பட்டியலை வகுத்தவர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமன்று. 60 வயது வரை காத்திருக்க முடியாத பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்டார்கள். உழைப்பால் வந்த தேய்மானம் என்று அதற்குப் பெயரிடும் துணிவு மட்டும் இல்லை. ஆகவே ஆணின் இழப்பால் வந்த துயரம் என்று பெயரிட்டார்கள். பிராட்ஃபோர்டில் ஃபுளோரன்ஸ் வைட் கேட்டதும், சென்னையில் 2008இல் தரப்பட்டதும் ஏறத்தாழ ஒன்றே என்பது வியப்பு.

அரசு ஊழியர் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் 58ஆக இருந்த ஓய்வு வயது 2020 மே மாதம் 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. பெருந்தொற்றில் கருவூலம் வறண்டிருந்த காலம். ஓய்வு பெறுவோர்க்கு ஒரே தவணையில் கொடுக்கவேண்டிய பணிக்கொடை முதலிய தொகைகள் இதனால் தள்ளிப்போயின என்பதை அன்று மறைக்கவும் யாரும் பெரிதாக முயலவில்லை. விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1962 மே முதல் தேதி பிறந்த ஊழியர், விதிப்படி, 2020 ஏப்ரல் 30 மாலை ஓய்வு பெற்றார். மறுநாள் பிறந்தவர் 2020 மே 31இல் செல்லவேண்டியவர். 59 ஆனதால் 2021 மே வரையும், பிறகு 60 ஆனதால் 2022 மே வரையும் இருந்தார். ஒருநாள் வேறுபாடு, இரண்டாண்டுச் சம்பளம். அந்த இரண்டாண்டிலும் வயது முதிர்வால் ஓர் இடமும் காலியாகவில்லை. அரக்கோணம் இரயிலில் சென்னைக்குப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்குச் சென்று வந்த திருத்தணிப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாண்டு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் நின்று பங்களிப்புத் திட்டமே என்றானதால், நீட்டித்த இரண்டாண்டின் பயனும் எல்லாருக்கும் ஒன்றாக அமையவில்லை.

இதில் பெண்களுக்கு ஒரு தனிப்பயன் இருந்தது. இதைப் பேசியவர் குறைவு. 1989இல் தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் 30 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வொதுக்கீட்டின் முதல் அலையில், 1990களின் தொடக்கத்தில், முப்பது வயதையொட்டிப் பணியில் சேர்ந்த பெண்களே 2020ஐ அடுத்து 58ஐ நெருங்கினார்கள். குழந்தை பெற்று, அது பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்கள் அவர்களுள் பலர். பழைய திட்டத்தில் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டுப் பணி வேண்டும். 22 வயதில் சேர்ந்த ஆணுக்கு 58இல் அது எப்போதோ நிரம்பிவிடும். 31இல் சேர்ந்த பெண்ணுக்கு 27 ஆண்டுதான். இரண்டாண்டு நீட்டிப்பு ஆணுக்குக் கூடுதல் சம்பளம்; அப்பெண்ணுக்கோ வாழ்நாள் முழுதும் வரும் ஓய்வூதியத்தில் ஓர் ஏற்றம். பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதால், அந்த ஏற்றம் அவர்கள் கைம்மைக் காலத்தையும் தாங்கும்.

ஆகவே வயதை உயர்த்துவது பெண்ணுக்கு நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது. அவள் இழந்த ஆண்டுகளை ஈடுகட்ட அவளையே முதுமையில் மேலும் உழைக்கச் சொல்வது ஒரு வழி. இழந்த ஆண்டுகளையே பணியாகக் கணக்கிடுவது மற்றொரு வழி. பிரிட்டனில் 1978 முதலும் மேற்கு ஜெர்மனியில் 1986 முதலும், பிள்ளை வளர்த்த காலத்தை ஓய்வூதியக் கணக்கில் ஏதோ ஓர் அளவில் ஏற்றுக்கொண்டார்கள். நம்மிடத்தில் மகப்பேறு விடுப்பு 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021இல் ஓராண்டாகவும் ஆனது. அது பணிக்காலமாகவும் எண்ணப்படுகிறது. வேலைக்கு வருமுன் பெற்று வளர்த்தவளுக்கு அதில் ஒன்றுமில்லை. இருபாலர்க்கும் ஒரே ஓய்வு வயது என்பதை நாம் ஏற்கிறோம். ஒரே ஓய்வு வயது நியாயமாக வேண்டுமானால் இந்த எண்ணிக்கை திருத்தப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

இத்தனையும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களைப் பற்றியது. திருத்தணியையும் பள்ளிப்பட்டையும் அம்மையார்குப்பத்தையும் பொதட்டூர்ப்பேட்டையையும் சுற்றிவருபவர்க்கு வேறொன்று கண்ணில் படும். தறியில் அமர்வது ஆண்; பின்கட்டில் இராட்டையில் தார் சுற்றுவது மனைவி. ஊடை நூல் தீரத் தீர அவள் கை நிற்காது. இடையே உலைவைக்கவும் வேண்டும். நெய்த சேலைக்குக் கூலி, தறிக்காரன் பெயரில். எந்த வயதில் அவள் ஓய்வு பெறுகிறாள் என்று கேட்டால் கண் மங்கி இழை தெரியாமல் போகும்போது என்பதே விடை. அவளைப் பொறுத்தவரை அரசு வகுத்த ஓய்வு வயது என்று ஒன்றிருந்தால், அது உதவித்தொகைக்கான வயதுதான்.

அந்த வயதின் வரலாறு நகைப்புக்குரியது. 1995 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு தேசிய முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியபோது தகுதி வயது 65, தொகை 75 ரூபாய். அன்று மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெற்றது 58இல். நிழலில் அமர்ந்து கோப்பு பார்த்தவர் 58இல் முதியவர். வெயிலில் நாற்று நட்டவள் 65இல்தான் முதியவள். ஏழாண்டு வேறுபாடு, அதுவும் தலைகீழாக. 2011இல்தான் 65ஐ 60 ஆக்கினார்கள். தொகை 2006இல் 200 ஆனது. 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு 2024 வரையிலும் மத்திய அரசின் பங்கு 200ஆகவே நின்றது. மிச்சத்தை மாநிலம் போட்டது: தமிழ்நாட்டில் 2011இல் மொத்தம் 1,000, 2023இல் 1,200.

ஆந்திரம் 2019இல்தான் தகுதி வயதை 65லிருந்து 60க்கு இறக்கியது. ஆனால் அங்கே கைத்தறி நெசவாளர்க்கு 50 வயதிலேயே ஓய்வூதியம் உண்டு, கள்ளிறக்குவோர்க்கும் அவ்வாறே. தொழில் உடலை எவ்வளவு தேய்க்கிறது என்பதைக் கண்டு வயது வகுக்கும் பழைய அறிவு அங்கே சிறிது மிஞ்சியிருக்கிறது. அரசு ஊழியர்க்கு 62 வரை வேலை, நெசவாளர்க்கு 50இல் ஓய்வூதியம் என்ற இரண்டையும் ஒரே மாநிலம் ஒரே காலத்தில் செய்ய முடிந்திருக்கிறது. கருவூலம் அதை எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு விவாதம். அவ்விவாதத்தையும் அம்மாநிலத்தார் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பொன்பாடிச் சோதனைச்சாவடிக்கு இப்பால் தார் சுற்றும் பெண்ணுக்கு ஐம்பதில் கண் மங்கினால் இன்னும் பத்தாண்டு. அதற்கு முன் அவள் கணவன் இறந்தால் ஒரு விண்ணப்பம், விட்டுப்போனால் வேறொரு விண்ணப்பம். கணவன் உடனிருந்து, தறியும் ஓடிக்கொண்டிருந்தால் அவளுக்கென்று எந்த விண்ணப்பமும் இல்லை.